முள் சொன்ன பொய்யும் முள்ளோடை பங்க் பையனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர், பங்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டும் தன் காரின் பெட்ரோல் முள் இம்மியும் ஏறவில்லை, பட்டப்பகலில் அளவில் அடிக்கிறார்கள் என்று கொதித்து எழுதியிருந்தார். கடைசியில், போன மாதம்தான் பம்ப் மாற்றிச் செலவு செய்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடமாக மைக் செட் வைத்திருப்பவன். ஆடியில் கூழ் ஊற்றும் விழா, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், முகூர்த்த நாளில் திருவந்திபுரம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் பிழைப்பு. குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர் பெட்டி எல்லாம் ஏற்ற ஒரு பழைய பெட்ரோல் வேன் இருக்கிறது. 2012 மாடல். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் நடந்ததில் கம்பெனியின் தப்பு எதுவும் இல்லை.

சென்ற தை மாதம் அந்த வேனின் பெட்ரோல் பம்ப் படுத்துவிட்டது. காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பின் சீட்டுக்கு அடியில் இருந்து கொசு காதுக்குள் புகுந்தது போல ஒரு ஙொய். இந்தக் காலத்து வண்டிகளில் பம்ப் இன்ஜின் பக்கத்தில் இருப்பதில்லை, டேங்குக்கு உள்ளேயே பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. அது சூடாகாமல் இருப்பதே சுற்றி இருக்கும் பெட்ரோலால்தான். ஐந்து லிட்டருக்கு மேல் டேங்கில் தங்க விடாத என் கஞ்சத்தனம்தான் அதைத் தின்றது என்பது என் கணக்கு. மெக்கானிக் தம்பி பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம் என்றார். இப்போதெல்லாம் வைப்பர் ரப்பர் கிழிந்தால்கூட எத்தனால் மேல்தான் பழி.

சரி, பம்பை மாற்றினார்கள். முழு அசெம்பிளி. பம்ப், சல்லடை, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை எல்லாம் ஒரே கூட்டில் வரும். வண்டி ராஜா மாதிரி ஓடியது. புதுச்சேரியில் வரி குறைவு, அதனால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேரைப் போல நானும் எல்லை தாண்டி முள்ளோடைக்குப் போய்தான் பெட்ரோல் போடுவேன். அன்றும் போய் டேங்கை முழுக்க நிரப்பினேன். 40 லிட்டர் டேங்க். முள் ஃபுல்லில் நின்றது. நாள் ஆக ஆக அழகாக இறங்கி வந்தது. பாதிக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிரப்பி 400 கிலோமீட்டர் ஓடியும் முள் பாதியில் நிற்கிறது என்றால் லிட்டருக்கு 20 கொடுக்கிறது என்று அர்த்தம். பழைய பம்பில் 12 கொடுத்த வண்டி! பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னேன். மெக்கானிக்கிடம் போன் போட்டுச் சொன்னேன். "நம்ம கை பட்டா அப்படித்தான் அண்ணே" என்றார். என் மனைவி மட்டும், "அது எப்படிங்க, தின்னாம ஓடுது?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே தவளக்குப்பத்தில் ஒரு நிகழ்ச்சி. திரும்பும்போது அதே முள்ளோடை பங்கில் 10 லிட்டர் போடச் சொன்னேன். பணத்தைக் கொடுத்துவிட்டு சாவியைத் திருப்பினால் முள் பாதியிலேயே நிற்கிறது. அணைத்து மறுபடி போட்டேன். அதே பாதி. டேங்கில் கால் பங்கு ஊற்றியும் முள் அசையவில்லை என்றால் ஊற்றவே இல்லை என்றுதானே தோன்றும்? அந்தப் பையனுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். "மெஷின்ல நம்பர் ஓடுச்சே சார்" என்றான். நம்பர் ஓடும், பெட்ரோல் ஓடாது, எனக்குத் தெரியாதா உங்கள் வித்தை என்று ஆரம்பித்து, பின்னால் நின்ற பைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். மைக் செட்காரன் தொண்டை.

பையன் பதறவில்லை. உள்ளே போய் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்தான். இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: எடையளவுத் துறை முத்திரை குத்திய 5 லிட்டர் அளவு ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். சமதரையில் வைத்து, மெஷினில் 5 என்று அடித்து, பாத்திரத்தில் விட்டான். கழுத்தில் இருந்த கோட்டில் வந்து நின்றது. என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன். அதையும் என் டேங்கில்தான் ஊற்றினோம், காசு கொடுத்தேன். சாவியைத் திருப்பினேன். முள் பாதியில்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கண் முன்னால் அளந்து ஊற்றிய 5 லிட்டருக்கும் ஏறாத முள்ளை நம்பி, அளந்து ஊற்றியவனைச் சந்தேகப்பட்டேன். அளக்கும்போது மட்டும் சரியாக விடுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம். 12 வீதம் 400 கிலோமீட்டருக்கு 33 லிட்டர் போயிருக்கிறது. டேங்கில் மிச்சம் ஏழுக்குள். அதில் 10, அப்புறம் 5 ஊற்றினால் ஏறக்குறைய 20, அதாவது பாதி. பாதிக்குக் கீழே முள் இறங்கவே இறங்காத வண்டியில், காலியில் இருந்து பாதி வரை எவ்வளவு ஊற்றினாலும் முள் அசையாது. அன்று ஒரு தாளில் இந்த நாலு வரியை எழுதியிருந்தால் போதும்.

அதற்கு அப்புறம் பத்து நாள். மாசி முகூர்த்தம், திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம், நாலரை ஆறு. மூன்று மணிக்கே வண்டியை எடுத்துவிட்டேன். வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. முள் பாதியில். பெட்ரோல் பாதி டேங்க் இருக்கிறது, வண்டி நின்றுவிட்டது, ஆகவே புது பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, மூன்றரை மணிக்கு மெக்கானிக்கை எழுப்பித் திட்டினேன். அதற்குள் பெண் வீட்டுப் பெரியவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நாதஸ்வரக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம், மைக் எங்கே என்று.

என் உதவிப் பையன் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தான். இறங்கினான், காதைப் பின் சீட்டுப் பக்கம் வைத்தான், சாவியைப் போடச் சொன்னான். "பம்ப் ஓடுது அண்ணே, ஆனா சத்தம் காலிப் பானை மாதிரி இருக்கு" என்றான். தன் பைக்கில் இருந்து ட்யூப் வைத்து ஒன்றரை லிட்டர் இறக்கி வேனில் ஊற்றினான். சாவியை நாலு முறை ஆன் செய்து ஆஃப் செய்தோம், லைனில் பெட்ரோல் ஏற வேண்டும் அல்லவா. ஐந்தாவது முறை பிடித்துக்கொண்டது. தாலி கட்டுவதற்கு முன் மைக் போய்ச் சேர்ந்தது. மாலை மாற்றும்போது வாசித்தது மட்டும் மைக் இல்லாமலே போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை என்பதில் எனக்கு லேசான வருத்தம்.

மறுநாளில் இருந்துதான் ஆராய்ச்சி. முதலில் போன இடத்தில் டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் போர்டு போயிடுச்சு, முழுசா மாத்தணும், 7,500 ஆகும்" என்றார்கள். இரண்டாவதாக ஓர் எலக்ட்ரீஷியன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளத்தில் ஒயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார். வெள்ளத்தில் நனைந்தவை என் குழாய்கள், வண்டி மேட்டில் நின்றது என்றேன். கேட்கவில்லை. டேங்கில் இருந்து மீட்டர் வரை டேப்பைப் பிரித்து, ஒயர் சுத்தமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். கடல் காற்றில், ஒயர்களை இணைக்கும் கப்ளரின் பின்னில் பச்சை பிடிப்பது நம் ஊரில் சகஜம்தான், அவர் அதைப் பார்த்தது தப்பில்லை. ஆனால் பச்சை பிடித்திருந்தால் முள் ஆடும், விட்டுவிட்டு விழும். என் முள்ளோ ஃபுல்லில் இருந்து பாதி வரை ஒழுங்காக இறங்கி, அப்புறம் கல்லாக நின்றது. பம்ப் மாற்றிய மறுநாளில் இருந்து அப்படி. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டேங்குக்குள் இருக்கும் அந்த மிதவை யூனிட்டின் படத்தை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அட்டைப் பெட்டி மேல் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா, அது ஒரு வால்யூம் கண்ட்ரோல்! முப்பது வருடமாக நான் திருகித் தேய்த்த அதே சாமான். ஒரு கம்பிக் கை, நுனியில் மிதவை. பெட்ரோல் ஏறினால் கை ஏறும், இறங்கினால் இறங்கும். கையின் மறுமுனையில் ஒரு சின்னத் தகடு, மின்சாரத்தைத் தடுத்து மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையின் மேல் தேய்த்தபடி நகரும். அந்தத் தடை எத்தனை ஓம் என்பதைப் பார்த்து மீட்டர் முள்ளை நிறுத்துகிறது, அவ்வளவுதான். சில வண்டிகளில் ஓம் குறைந்தால் ஃபுல், சிலவற்றில் கூடினால் ஃபுல். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

அப்புறம் என்ன, ஓம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பின் சீட்டைத் தூக்கினேன். டேங்கைத் திறக்கவில்லை, மேலே இருக்கும் கப்ளரை மட்டும் கழற்றினேன். என் வண்டியில் நாலு ஒயர். இரண்டு தடிமன், அவை பம்புக்கு. இரண்டு மெல்லியவை, அவை மிதவைக்கு. கப்ளரைக் கழற்றிய நிலையில் சாவி போட்டால் முள் மெதுவாக இறங்கி E-யில் படுத்தது. பாதியிலேயே செத்துப்போன முள் இல்லை, அசையத் தெரிந்த முள்தான் என்பது முதல் தடயம்.

அடுத்தது என் ஒயர் பெட்டியில் இருந்து 100 ஓம் கம்பி சுற்றிய கண்ட்ரோல் ஒன்று. கார்பன் கண்ட்ரோல் வேண்டாம், சூடு தாங்காது. அதன் நடுக் காலையும் ஓர் ஓரக் காலையும் மீட்டர் பக்கம் போகும் இரண்டு மெல்லிய ஒயரில் கொடுத்துவிட்டு, சாவியைப் போட்டு, குமிழை மெல்லத் திருகினேன். டாஷ்போர்டைப் பார்க்க என் மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்திருந்தேன். "கால்ல நிக்குது... இப்ப பாதி... இப்ப முக்கால்" என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. கச்சேரியில் சவுண்ட் ஏற்றுவது போல என் வண்டியில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தேன், ஒரு சொட்டு ஊற்றாமல். திருகியதும் ஓடி வராது, முள்ளுக்குச் சோம்பல் உண்டு. மேடு பள்ளத்தில் பெட்ரோல் அலையும்போது முள்ளும் ஆடாமல் இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். திருகிவிட்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். ஆக, 7,500 ரூபாய் மீட்டர் போர்டு நன்றாக இருக்கிறது, 600 ரூபாய்க்குப் பிரித்த ஒயரும் நன்றாக இருக்கிறது.

பழைய ஆட்கள் இந்த இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்து ஷார்ட் செய்து பார்ப்பார்கள், முள் மறுகோடிக்கு ஓடினால் மீட்டர் நல்லது என்பார்கள். முள்ளைக் கம்ப்யூட்டர் ஓட்டும் புது வண்டிகளில் அந்த வேலை வேண்டாம். இப்படி ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்துப் பார்ப்பதே மேல்.

மிச்சம் டேங்குக்குள் இருப்பது. மிதவைப் பக்க ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் 52 ஓம். உள்ளே இருந்ததோ உதவிப் பையன் ஊற்றியதில் மீந்ததும், அப்புறம் நான் கேனில் வாங்கி ஊற்றியதும் சேர்த்து 3 லிட்டருக்குள். 52 ஓம் பாதி டேங்குக்கு உரிய கணக்கு என்று கண்ட்ரோலே சொல்லிவிட்டது. இரண்டு பேர் வேனைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டினோம். உள்ளே பெட்ரோல் களக் களக் என்று அலைவது காதில் கேட்கிறது. மீட்டரில் 52. ஓர் எண் மாறவில்லை. மிதவை மிதக்கவில்லை, எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"என் கேஸ் சிலிண்டர் தேவலை, ஈரத்துணி போட்டுத் துடைச்சா எதுவரைக்கும் இருக்குன்னு கோடு தெரியும்" என்றாள் மனைவி. அதுவரை அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை என்பதால் இதையும் கேட்டுக்கொண்டேன்.

டேங்கைத் திறக்கும் வேலையை நான் தொடவில்லை, தொடவும் கூடாது. பம்ப் போட்ட அதே மெக்கானிக்கிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் முதலில் முகம் சுருங்கியது, ஆனால் அந்த 52-ஐக் காட்டியதும் வாதம் செய்யவில்லை. அவரைப் பற்றி இதைச் சொல்லியாக வேண்டும். வண்டியை ஷெட்டுக்குள் விடாமல் வெட்டவெளியில் நிறுத்தினார். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்க விட்டார், லைனில் பிரஷர் இறங்க. பேட்டரியின் மைனஸைக் கழற்றினார். எல்லோர் போனும் தூரத்து ஸ்டூலுக்குப் போயிற்று. ஒரு வாளி மணல் பக்கத்தில். பம்பை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கை இரும்பால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் தட்டினார், பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். டேங்க் காலியாக இருந்ததும் நல்லதாகப் போயிற்று, சிந்தவில்லை.

பம்ப் மேலே வந்ததும் மூன்று பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். மிதவையின் கம்பிக் கையில், ஒரு பக்கம் மட்டும், சுண்டு விரல் நகம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. டேங்குக்கு உள்ளே பெட்ரோல் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடு ஒன்று இருக்கும். கை இறங்கும்போது அதில் முட்டி, அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏன் முட்டியது? பம்பின் மேல்மூடியில் ஓர் அம்புக்குறி. டேங்கின் வாயிலும் ஒரு குறி. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். எங்களுடையது ஒரு கட்டை விரல் அகலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. பம்புக்கு அதனால் ஒன்றும் இல்லை, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்ரோலை இழுக்கும், வண்டி ராஜா மாதிரி ஓடும். மிதவைக்குத்தான் வாழ்க்கை போயிற்று.

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு மூடி போட்டது பையன் அண்ணே" என்றார். அவரிடம் வேலை பார்க்கும் அந்தப் பையன் அந்தப் பக்கம் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். எந்தத் தொழிலிலும் மூடி போடுவது பையன்தான். என்னிடமும் ஒயரை மாற்றிச் சொருகுவது பையன்தான், ஏச்சு வாங்குவது நான்.

கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கம்பியை வளைத்தால் கணக்கே வளைந்துவிடும், ஃபுல்லும் காலியும் இரண்டும் பொய்யாகும். யூனிட்டைக் கையில் பிடித்தபடி, டேங்கில் இருந்து பத்தடி தள்ளி, மல்டிமீட்டரை வைத்து மிதவையைக் கீழிருந்து மேல் வரை மெதுவாகத் தூக்கினோம். கீழே 97, மேலே 6, நடுவில் எங்கும் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. புது ரப்பர் வளையம் போட்டு, அம்பை டேங்கின் குறிக்கு நேரே வைத்து, ரிங் இறுகும்போது கூடவே திரும்பிவிடாமல் நான் மேலே அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூடினார். இறுக்கும்போது கூடவே திரும்புவதுதான் இதில் சூட்சுமம். முதல் முறையும் அப்படித்தான் நடந்திருக்கும். மறுபடி அளந்தால் 91. வேனை ஆட்டினால் 88, 94, 90 என்று உயிரோடு ஆடியது. பேட்டரியை மாட்டிச் சாவி போட்டதும் முள் E-க்குச் சற்று மேலே வந்து நின்றது, பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பம்ப் மாற்றிய நாளில் இருந்து ரிசர்வ் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவும் அந்த மிதவையைப் பார்த்துத்தான் எரிகிறது.

எல்லோருக்கும் இதே காரணமாக இருக்காது. அரியாங்குப்பத்தில் என் மச்சானுக்கு வேறு கதை. பம்ப் மாற்றிய பிறகு ஃபுல் அடித்தாலும் முக்கால்தான் காட்டியது, கால் டேங்க் இருக்கும்போதே காலி என்றது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வேறு மாடலுக்கான அசெம்பிளி, பட்டையின் ஓம் வேறு. பழைய பம்பை அவர் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்ததால், அதில் இருந்த மிதவை யூனிட்டை மட்டும் கழற்றிப் புதியதில் மாட்டினார்கள், சரியாகிவிட்டது. ஆகவே பழைய அசெம்பிளியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள், ஒரு மாதமாவது. எப்போதும் காலி காட்டினால் மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போலக் காதில் வைத்து ஆட்டினால் தெரிந்துவிடும். முள் சில இடங்களில் மட்டும் விழுந்து விழுந்து எழுந்தால் பட்டையோ தகடோ தேய்ந்திருக்கும், அல்லது கறுத்திருக்கும். பல யூனிட்டுகளில் அந்தத் தொடுமுனையில் வெள்ளி கலந்திருக்கும். கொலுசு கறுப்பது போலத்தான் அதுவும் கந்தகம் பட்டால் கறுக்கும். நம் பாஷையில் சொன்னால் வால்யூம் கண்ட்ரோல் கரகரப்பது.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டேங்க் காலியாக இருக்கும்போது பம்ப் மாற்றுகிறீர்கள், பெட்ரோல் சிந்தாது. டேங்கை மூடியதும் முள் E-யில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் 5 லிட்டர் ஊற்றிப் பாருங்கள், ஏறினால் சாவியைக் கொடுங்கள். இன்ஜின் பிடித்ததும் கையைத் துடைத்துவிடாதீர்கள். வண்டி வைத்திருப்பவர்கள் முள் சரியாகும் வரை ஒருமுறை ஃபுல் அடித்து, கிலோமீட்டர் மீட்டரை ஜீரோ செய்து, அதைப் பார்த்து ஓட்டுங்கள். நான் ஓர் அட்டையில் '300-க்கு மேல் போகாதே' என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். பொய் முள்ளை நம்பி அடிக்கடி காலியில் ஓட்டினால் புது பம்பும் சூட்டில் போய்விடும்.

சென்ற வாரக் கடிதம் எழுதிய அன்பருக்கு: பங்குகளில் அளவு குறைவதே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 5 லிட்டர் அளவைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அளவு சரியாக இருந்தால் அடுத்து உங்கள் பின் சீட்டைத் தூக்குங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லாவிட்டால் ஓம் கணக்கை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். இனி வருவதை மட்டும் வெட்ட வேண்டாம்.

முள் சரியான மறுநாளே முள்ளோடைக்குப் போனேன். அதே பையன்தான் நின்றான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் மாறியது. இறங்கிப் போய், தம்பி, தப்பு என் வண்டியில், பம்ப் மாற்றும்போது மிதவை மாட்டிக்கொண்டது, உன்னைப் பேசியது எல்லாம் என் தப்பு என்று சொன்னேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் காது கொடுத்துக் கேட்டார். அன்று கத்தியதும் நாலு பேர் முன்னால்தானே. பையன் ஒன்றும் சொல்லாமல் 10 லிட்டர் போட்டான். மூடியை மூடிவிட்டு, காசு வாங்குவதற்கு முன் ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தான். நான் சாவியைத் திருப்பினேன். முள் தூக்கத்தில் இருந்து எழுவது போல மெதுவாகக் கிளம்பி, காலைத் தாண்டி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அஞ்சு லிட்டர் அளவை எடுத்துட்டு வரட்டுமா சார்?"

இப்படிக்கு,
மைக் செட் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.